பசை காயறதுக்குள்ளே

கிழிந்த புத்தகத்தின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தாள் அவள். விரலெல்லாம் பிசுபிசு.

“கொஞ்சமாப் போடும்மா, புத்தகம் குளிச்சிடப் போகுது!” என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலை நிமிரவே இல்லை.

நூலக உதவியாளர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. இன்று ஒட்டுகிற புத்தகத்தை நாளைக் காலையில் பிரித்துப் பார்த்து மார்க் போடுவார்கள். அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் தற்காலிகமாக இருப்பது இரண்டு பேர், அவளும் கண்ணாடிக்காரியும். நிரந்தர வேலை அதிக மார்க் வாங்கும் ஒருத்திக்குத்தான். மற்றவள் நடையைக் கட்ட வேண்டியதுதான். நடையைக் கட்டுவது அவளாக இருந்தால்? மறுபடியும் மாமியார் பார்வையில் அடுப்படி.

கண்ணாடிக்காரி அதிகம் பேச மாட்டாள். இன்றைக்கு என்னவோ எட்டி எட்டிப் பார்த்தாள்.

“உன்னோடது எது, பச்சை அட்டையா?”

“ஏன்க்கா?”

“சும்மாதான்.”

சும்மா யாராவது கேட்பார்களா?

அதற்குள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன். “பாப்பாவுக்கு உடம்பு சுடுது, வந்து கூட்டிட்டுப் போங்க.”

போட்டது போட்டபடி புத்தகத்தைப் பலகைகளுக்கு நடுவில் செருகினாள். பாரத்துக்குத் தடித்தடியாக நாலு அகராதிகளை மேலே ஏற்றிவிட்டு ஓடினாள்.

குழந்தையை இடுப்பில் தூக்கிய பிறகுதான் பால் புட்டிப் பை ஞாபகம் வந்தது. திரும்பி வந்தாள்.

பயிற்சி அறையில் கண்ணாடிக்காரி மட்டும். முதுகைக் காட்டி நின்றாள். அவளுக்கு முன்னால் பச்சை அட்டை. கையில் கத்தி. பக்கங்களுக்கு நடுவே விட்டு விட்டு எடுத்தாள்.

தன் புத்தகத்தையா வெட்டுகிறாள்? நாலு வார்த்தை கேட்க வேண்டும். வாய் வரவில்லை. அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

கண்ணாடிக்காரி எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

“செய்றதையும் செஞ்சிட்டுப் பூனை மாதிரி போறா பாரு,” என்று ஒளிந்திருந்தவள் குழந்தையிடம் முணுமுணுத்தாள்.

உள்ளே போனாள். கண்ணாடிக்காரியின் சிவப்பு அட்டைப் புத்தகத்தை உருவினாள். ஈரம் காயாத முதுகுத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பு. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பலகைக்கு நடுவில் செருகினாள். தன்னுடையதைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வாசலில் காவலாளி வேறு சாவியைக் குலுக்கினார்.

காலையில் பயிற்சியாளர் முதலில் எடுத்ததே பச்சை அட்டையைத்தான்.

“இது யாரோடது?”

கையைப் பாதிதான் தூக்கினாள்.

பக்கங்கள் சரசரவென்று புரண்டன. நடுவிலிருந்து வழவழவென்று தாள்கள் நழுவி விழுந்தன.

“பலே! இவ்வளவு பசையைக் கொட்டியும் ஒரு பக்கம்கூட ஒட்டலையே! மறக்காம மெழுகுத்தாள் வச்சிருக்கே. இல்லேன்னா இந்நேரம் செங்கல்லாயிருக்கும்.”

மெழுகுத்தாளா? அவள் வைக்கவே இல்லையே!

கண்ணாடிக்காரி அவள் காதருகே குனிந்தாள். “உன் பசையைப் பார்த்துப் பயந்துதான் எது உன்னோடதுன்னு கேட்டு வச்சேன். போன் வந்த பதட்டத்துல தாள் வைக்க மறந்துட்டே. ஒட்ட ஆரம்பிச்சிடுச்சு, மெதுவாக் கத்தியால பிரிச்சுத் தாளை வச்சேன். யார்கிட்டயும் சொல்லிடாதே. பாப்பாவுக்கு இப்ப தேவலையா?”

பதில் சொல்வதற்குள் பயிற்சியாளர் சிவப்பு அட்டையைத் தூக்கினார். அட்டை அவர் கையில், புத்தகம் தரையில்.

“என்னம்மா இது, இவ்வளவு நல்லாப் பண்ற ஆளு நீங்க!”

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சரியாத்தானே ஒட்டினேன்...”

மார்க் தாள் நூலகத் தலைவரான பெரிய சாருக்குப் போனதும் அவள் கண்ணாடிக்காரியின் அருகே போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

“அக்கா, நேத்து உங்க புத்தகத்தை நான்தான்...”

வாசலில் பியூன் குரல் கொடுத்தார். “பச்சை அட்டைக்காரம்மா! பெரிய சார் ரூமுக்கு ஓடி வாங்க, உங்களுக்குத்தான் நிரந்தர வேலை ஆர்டர்!”