ஐந்து மணிப் பாட்டு

பாதி திறந்த ஷட்டருக்கு அடியில் காலை வெயில் எங்கள் காலணிகள் வரை வந்து நிற்கிறது. கடை திறக்குமுன் வரிசையாக நின்று நிறுவனத்தின் உறுதிமொழியை உரக்கச் சொல்கிறோம். அப்போது என் ஏப்ரனுக்குள் கைப்பேசியின் ரிங்டோன் பாடத் தொடங்குகிறது: "மணி அஞ்சு, நான் கிளம்பறேன், மேனேஜரே நீங்க இருங்க!" மேலாளர் முரோதா உறுதிமொழியை நிறுத்தி, "யாரோடது அது?" என்கிறார். துணிக்கு மேலேயே அழுத்தி அதை அணைக்கிறேன். பக்கத்தில் நிற்கும் ஹிகுச்சி அக்கா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு இடுப்பு வளையக் குனிகிறார். "என்னோடதுதான் சார். மன்னிச்சுக்குங்க." முரோதா கேலியாக, "உங்க வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற வாரத்துல இந்தப் பாட்டா, ஹிகுச்சி? அஞ்சு மணிக்கே கிளம்பிடுங்க, திரும்பி வராதீங்க!" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்கா இன்னும் நிமிரவில்லை. அவர் காதோர நரைமுடி கன்னத்தில் தொங்குகிறது. முரோதாவின் பார்வை வரிசையில் நகர்ந்து என்னிடம் வருகிறது. நானும் சத்தமாகச் சிரிக்கிறேன்.