முதல் மரக்கால்

குன்னத்துக் களத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஆண்டாயி மரக்காலால் சோளம் அளந்து கொட்டுகிறாள். சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி எண்ணுவது அவள் மகள் பூமாலை. "லாபம்... ரெண்டு... மூணு..." தாய் திருத்தவில்லை. இந்தக் களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. லாபம் என்றுதான் தொடங்குகிறார்கள். போன வாரம் பள்ளிக்கூடத்தில் நான் புளியங்கொட்டைகளைப் பரப்பி எண்ணச் சொன்னபோதும் அவள் இப்படித்தான் தொடங்கினாள். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் லாபம் என்றாள். மதராஸிலிருந்து மாற்றலாகி வந்த நான், 'ஒன்றுகூடத் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான திருச்சி விடுதிக்கு அவளை அனுப்பும் படிவம் அது. தாயின் கைநாட்டு மட்டும் பாக்கி. பூமாலை பிசகாமல் எண்ணிப் பதினேழாம் மரக்காலில் நிறுத்துகிறாள். ஆண்டாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் கொண்டுவந்த மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்துகிறாள். "எங்க வெக்கணும், டீச்சர்? படிச்சவங்க நீங்க, பாத்துத்தான எழுதியிருப்பீங்க." அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தும் 'ஒன்றுகூடத் தெரியாது' என்ற வரியை என் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.