மாதிரிக்கு எடுத்த ஓடு

எங்கள் கூரையில் இல்லாத ஓடு வீட்டுக்காரர் மேசையில் இருக்கிறது. புதுக்கூரைக்கு நிறம் பொருத்திப் பார்க்க மாதிரி வேண்டுமென்று, போன வாரம் அவரே ஆள் வைத்து உருவியது. இப்போது கூரை மாற்றும் காகிதங்கள் மின்விசிறியில் பறக்காமல் அமுக்கிக்கொண்டு, சொட்டு ஈரமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வந்த வாழ்வு. வெளியே மழை. எங்கள் வீட்டில், ஓடு இருந்த இடத்துக்கு நேர் கீழே, காலில் மாவுக்கட்டோடு அப்பா குடை பிடித்துப் படுத்திருக்கிறார். கட்டிலை நகர்த்த அறையில் இடமில்லை; கட்டு நனையவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அம்மா ஒழுகிய தண்ணீரை வாளியோடு தூக்கி வந்து மேசைமுன் நிற்கிறாள்.

"அடுத்த மாசம் மொத்தக் கூரையும் மாத்தப்போறோம். ஒத்த ஓட்டுக்கு இப்படி அலையிறீங்களேம்மா," என்கிறார் வீட்டுக்காரர், தேநீரை ஆற்றியபடி.

"அதுவரைக்கும் அவர் குடை பிடிக்கட்டுமாண்ணே?"

"சாம்பிள் இல்லாம கடைக்காரன்கிட்ட எதைக் காட்டுறது?"

அம்மா ஓட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, கைக்குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். படபடக்கும் காகிதங்களின்மேல் வாளியை வைக்கிறாள். தளும்பிய தண்ணீரில் மை கரைந்து ஓடுகிறது.

"இதைக் காட்டுங்க."