திங்கட்கிழமை அபாயா

முனாஸ் நானா இன்றைக்கும் அபாயாவைத் தொங்கவிட்டிருந்தார்.

டவுன் சந்தைக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் அவருடைய துணிக்கடை. கடை வாசலில் ஒரு லைட் கம்பம். கம்பத்தில் பஸ்மியா கட்டிய விளம்பரப் போர்ட். அந்தப் போர்டுக்கு மேலே, கழுத்திலிருந்து கால்வரை விரித்துவிட்ட ஒரு கறுப்பு அபாயா.

'தோப்பூர்ப் பெண்கள் தைத்த அபாயா. வீட்டிலிருந்தே ஓடர் செய்யுங்கள்' என்ற எழுத்தும், வெப்சைட் முகவரியும், போனைப் பிடித்தால் சைட் திறக்கிற சதுரமும் அதற்குள் மறைந்து போயிருந்தன.

"இன்டர்நெட்டில கடை வச்சிட்டு லைட் கம்பத்தில விளம்பரம் கட்டினா இப்பிடித்தான்" என்று கூட வந்த சிநேகிதி சுஹைரா சிரித்தாள்.

பஸ்மியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பேஸ்புக்கிலும் விளம்பரம் போட்டுப் பார்த்தவள்தான். லைக் போட்டதெல்லாம் அவளோடு கம்பஸில் படித்த பொடியன்கள். அபாயா வாங்குகிறவர்கள் பஸ்ஸில்தான் இருந்தார்கள்.

பெருநாளைக்குள் சைட் நிமிராவிட்டால் அதை மூடிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போவதாக வாப்பாவிடம் சொல்லியிருந்தாள். அவள் போனால் உம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் தையல் மெஷினை மூடிவைக்க வேண்டியதுதான். இதுவரை விடாமல் ஓடர் போடுவது டவுனில் இருக்கிற சனூஸா என்ற ஒரு ராத்தா மட்டும்.

"அந்தப் புள்ளக்கு எத்தின மகள்மாரோ!" என்று ஒவ்வொரு பார்சல் கட்டும்போதும் உம்மா அதிசயப்படுவார்.

மற்ற நாட்களில் போர்ட் பளிச்சென்று தெரியும். திங்கட்கிழமை மட்டும்தான் நானாவுக்கு இந்த வேலை. திங்களில்தான் மூதூர், கிண்ணியாச் சனமெல்லாம் அலுவல் பார்க்க டவுனுக்கு வரும். கணக்குப் பார்த்துத்தான் மறைக்கிறார்.

"நானா, இது என்ன?"

"அபாயா. துபாய்ச் சாமான். போட்டுப் பாக்கிறீங்களா தங்கச்சி?"

"என்ட போர்டை மறைக்குது."

"கொஞ்சம் பொறுங்க. காத்தடிச்சாக் கால்மாட்டில தெரியும்."

சுஹைரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொது இடத்தில அனுமதி இல்லாம இப்பிடித் தொங்கவிட ஏலாது நானா. சட்டம் இருக்கு."

முனாஸ் நானா அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அதைக் கொஞ்சம் மெல்லமாக் கதைங்க புள்ள."

பஸ்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குள் அவருடைய சொந்தப் போர்டே சுவரில் சாய்ந்து கிடந்தது. தனக்கே விளம்பரம் தேவையில்லாத மனுசனுக்கு அடுத்தவளுடைய விளம்பரம் ஏன் கண்ணைக் குத்துகிறது?

மறுநாளே நகரசபைக்குப் போனாள். போட்டோவும் இணைத்து, முறைப்பாட்டை ஒரு குறையும் இல்லாமல் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த திங்கள் சபை லொறி கடை வாசலில் வந்து நின்றது. பஸ்மியாவும் சுஹைராவும் அதற்கு முன்பே வந்து நின்றார்கள்.

"ஆர் இதைத் தொங்கவிட்டது? கழட்டுங்க" என்றார் இறங்கிய அதிகாரி.

"பின்னேரம் கழட்டிடுறன் சேர்."

"இப்பவே கழட்டுங்க."

முனாஸ் நானா பஸ்மியாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அபாயாவைக் கழற்றினார். போர்ட் வெயிலில் பளபளத்தது.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

"இது ஆர்ட போர்ட்? அனுமதி எடுத்ததா?"

"அது என்ட..." என்று தொடங்கினார் முனாஸ் நானா.

பஸ்மியாவும் அண்ணாந்து பார்த்தாள். அனுமதி! போர்டுக்கும் அது வேண்டும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. ஆனாலும் தனக்காக இன்னொருவர் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"இல்ல சேர். அது என்ட."

"அப்ப முறைப்பாடு குடுத்தது?"

"அதுவும் நான்தான்."

அதிகாரி கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார்.

"தன்ட போர்டைத் தானே பிடிச்சுக் குடுத்த ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார்.

போர்ட் லொறியில் ஏறிப் போயிற்று.

"திங்கக்கிழமையிலதான் இவங்க போர்ட் கழட்ட இந்தப் பக்கம் வாறது" என்றார் முனாஸ் நானா. "அதுக்குத்தான் ஒங்கட போர்டை மூடிட்டு, என்ட போர்டை உள்ள எடுத்து வச்சனான்."

பஸ்மியா அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே நானா?"

"சொன்னா நீங்க அண்டைக்கே போர்டைக் கழட்டியிருப்பீங்க. ஒங்கட முகத்தைப் பாத்தாத் தெரியாதா?"

"ஓம் நானா, கழட்டித்தான் இருப்பா" என்றாள் சுஹைரா.

பஸ்மியா அபாயாவை வாங்கி மடிக்கத் தொடங்கினாள். கைமடிப்பின் உள்ளே பச்சை நூலில் ஒரு சின்ன முடிச்சு தட்டுப்பட்டது. தைத்து முடித்ததும் உம்மா போடுகிற முடிச்சு.

"நானா... சனூஸா ஆர்?"

"என்ட மனிசி."

"இது தோப்பூர் அபாயா. துபாய்ச் சாமான் எண்டு சொன்னீங்களே?"

"என்ன செய்யிற தங்கச்சி? தோப்பூர் எண்டு சொன்னாத் தையலில குறை பிடிக்கிறாங்க. துபாய் எண்டா ஆசையாத் தடவிப் பாத்து வாங்கிட்டுப் போறாங்க."

அவர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போர்ட் போனாப் போகட்டும், சைட்டை மட்டும் மூடிராதீங்க. உம்மாவைக் கெதியாத் தைக்கச் சொல்லுங்க. பெருநாளைக்கு எனக்கு இன்னும் நிறையத் துபாய் அபாயா வேணும்."