உள்ளங்கையில் உள்ளங்கால்

எண்ணெய் கொட்டி வெந்துபோன உலகநாதனின் வலது உள்ளங்கையில், அவருடைய உள்ளங்காலிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். "கைக்கு வந்துட்டாலும் அது பாதத்தோலாத்தான் வளரும். தான் யாருங்கிறதை அந்த செல்லுங்க மறக்காது" என்றார் டாக்டர். கூட இருந்து கேட்ட தங்கை விசாலமும் மறக்கவில்லை.

மகள் கல்யாணத்தில், காலில் விழுந்த மாப்பிள்ளையை ஆசீர்வதிக்க உலகநாதன் கையை நீட்டியதும், "மாப்பிள்ளை தலையில காலை வைக்காதண்ணே!" என்று விசாலம் அலறினாள். மேளம் நின்றது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் அந்தரத்திலேயே வைத்திருந்தார்.

தொந்தியோடு மூச்சு வாங்க எழுந்த மாப்பிள்ளை, நின்றபடியே அந்தக் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா குனிஞ்சிருக்கவே மாட்டேனே மாமா!"

முழங்கால் வலிக்கார விசாலம் மெல்ல மாப்பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றாள்.