நாலு மூலையிலும் மஞ்சள்

“அந்தத் தழும்பு தெரியாம வளையலைக் கொஞ்சம் மேல ஏத்திக்கோம்மா,” என்றார் ராஜரத்தினம்.

மாளவிகா ஏற்றிக்கொண்டாள். வளையல் மறுபடி வழுக்கி இறங்கியது. மணிக்கட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தீத்தழும்பு. வெல்டிங் வைக்கும்போது பட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம் என்பதால் நாலு மணிக்கே மாப்பிள்ளை வீட்டார் வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். மனைவி போன பிறகு இதையெல்லாம் ராஜரத்தினம்தான் பார்க்க வேண்டியிருந்தது. மகளின் செல்போனைக் காலையிலேயே அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டார். அபிராமபுரத்து மாடிவீட்டுக்குக் கீழே இருந்த கார் ஷெட்டையும் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஷெட்டில்தான் மாளவிகா மூன்று வருஷமாக ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை நீள அலுமினியக் கட்டி, அதற்குள் செப்புக் குழாய்கள். ஒரு வரிசையில் மொட்டைமாடி சோலாரில் காய்ந்த தண்ணீர் ஓடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசையில் குளிக்கிற தண்ணீர் ஓடும். மேகம் மூடினால், நடுவில் புதைத்திருக்கும் ஹீட்டர் கம்பிகள் தானாகச் சூடேறும். தண்ணீரும் கரண்டும் ஒரே உடம்புக்குள், ஒன்றையொன்று தொடாமல்.

பட்டறையில் கிடக்கிற பெண் என்று இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப் போயிருந்தது. இந்த இடம் அமைந்தால் ஷெட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்டுவிடுவது என்று ராஜரத்தினம் தீர்மானித்திருந்தார். மாளவிகா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். போட்டுப் பாருங்கள் என்று ஒன்றிரண்டு இடங்களில் பெட்டியைச் சும்மா மாட்டிக் கொடுத்திருந்தாள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

மூன்றே முக்காலுக்கே மணி அடித்தது.

பட்டுப்புடவையில் ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி. பின்னால் தாம்பாளத்தோடு அவள் தம்பி. வெற்றிலை, பழம், மல்லிகைப் பூ. மேலே மடித்து வைத்த ஒரு தாள், நாலு மூலையிலும் மஞ்சள்.

“மாளவிகா வீடு இதுதானே? ராகு காலத்துக்கு முந்தி குடுத்துரணும்னு ஓடி வாறோம்.”

ஜாதகத்தையே கையோடு கொண்டுவந்துவிட்டார்கள்! ராஜரத்தினத்துக்கு முகமெல்லாம் பல். மாப்பிள்ளை பின்னால் வருவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அம்மாள் தன் பெயர் சண்முகவடிவு என்றாள், தம்பி ஜெயராம் என்றாள், தி.நகரில் ஜவுளிக்கடை என்றாள். தரகரும் ஜவுளிக் குடும்பம் என்றுதான் சொல்லியிருந்தார்.

மாளவிகா காபி கொண்டுவந்தாள். சண்முகவடிவு அவளை ஆசையாகப் பார்த்தாள்.

“ஒரு மாசம் நல்லாப் பாத்துட்டுத்தான் அண்ணாச்சி வந்திருக்கோம். எங்க பொண்ணுங்க அத்தனை பேருக்கும் பிடிச்சுப் போச்சு. ஆமா, பாப்பா கீழ ஷெட்டுலதான் வேலை செய்யுதோ?”

“ஷெட்டா?” என்று ராஜரத்தினம் அவசரமாகக் குறுக்கிட்டார். “அது வாடகைக்கு விட்டது. எவனோ பட்டறை வச்சிருக்கான். எம் பொண்ணு வீட்டோட இருக்கிறவ.”

“அப்ப கையில இந்தத் தழும்பு?”

“அப்பளம் பொரிச்சப்ப எண்ணெய் தெறிச்சிடுச்சு.”

சண்முகவடிவு தம்பியைப் பார்த்தாள். காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நாமதான் ஆள் மாறி வந்துட்டோம் போல. தட்டை எடு ஜெயராமா.”

ராஜரத்தினம் விழித்தார். அப்பளம் பொரிக்கிற பெண் வேண்டாம் என்று எழுந்து போகிற சம்பந்தியை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

மாளவிகா வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“அப்பா சொன்னது நிஜமில்லைம்மா. ஷெட் என்னோடது. இது வெல்டிங் பட்ட தழும்பு. இதை மறைச்சுத்தான் நல்லது நடக்கணும்னா, அது எனக்கு வேண்டாம்.”

பிறகு அவளே பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சூட்டில் அலுமினியம் ஒரு அளவு விரியும், செம்பு ஒரு அளவு விரியும். அந்தக் கணக்குப் பிடிபடாமல் பதினேழு கட்டிகள் விரிசல் விட்டன. பதினெட்டாவதுதான் நின்றது. பதினேழு முறை தோற்ற கதை ராஜரத்தினத்துக்கு அன்றுதான் தெரியும். மாடியிலேயே இருந்தும் ஒருநாள் அவர் கேட்டதில்லை.

“தண்ணி கசிஞ்சு கரண்ட்டுல பட்டா?” என்று ஜெயராம் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“அதுக்கு முன்னாடியே கரண்ட் நின்னுடும் சார். என் கையை வச்சுப் பார்த்துட்டுத்தான் பெட்டியை வெளிய அனுப்பினேன்.”

சண்முகவடிவின் முகம் மலர்ந்தது. தாம்பாளத்தை எடுத்து மாளவிகாவின் கையிலேயே கொடுத்தாள். ராஜரத்தினம் அந்தத் தாளைப் பிரித்தார். கட்டம் எதுவும் இல்லை. ‘எங்கள் கடைப் பெண்கள் தங்கும் மூன்று விடுதிகளுக்கும் வெந்நீர்ப் பெட்டி பன்னிரண்டு’ என்று எழுதியிருந்தது.

“நாள் பூரா நின்னு சேலை எடுத்துப் போடுற பிள்ளைங்க அண்ணாச்சி. கோட்டூர்புரம் விடுதியில பாப்பா மாட்டின பெட்டி வந்ததுல இருந்து, வெந்நீர்ல காலை வச்சிக்கிட்டு இவளைத்தான் வாழ்த்துதுங்க. போன் போட்டோம், ஆஃப் ஆகியிருந்துச்சு. பெட்டியில ஒட்டியிருந்த விலாசத்தைப் பாத்து வந்தோம். யாருக்கும் மொத ஆர்டரை மஞ்சள் தடவித்தான் குடுப்போம்.”

வாசல் மணி மறுபடி அடித்தது. சரியாக நாலு மணி. தரகரும் மாப்பிள்ளை வீட்டாரும் படியில் நின்றார்கள்.

ராஜரத்தினம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். “வாங்க, வாங்க. பொண்ணு மாடியில ஆர்டர் பேசிக்கிட்டிருக்கா. அது முடியறவரைக்கும் கீழ வாங்க, அவ பட்டறையைக் காட்டறேன்.”