ஏழாம் கட்டில் அட்டை

ஏழாம் கட்டில்காரர் கிடுகிடுவென்று நடுங்குவதைப் பார்த்ததிலிருந்து தெர்மாமீட்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"யாராவது என்னை எடுத்து அவர் அக்குளில் வைங்களேன்!" என்று ட்ரேயிலிருந்து கத்தியது.

"ஏன் பதறுறே?" என்றது கட்டிலில் தொங்கிய அட்டை. "இன்னைக்கு ஆய்வுக்குழு வருதில்ல? சாயங்காலம் வரைக்கும் காய்ச்சல் இல்லைன்னு பேனா காலையிலேயே எழுதி முடிச்சிடுச்சு."

குழு வந்தது. அட்டையைப் புரட்டி, "பிரமாதம்!" என்று சொல்லி, அதை நோயாளியின் மார்மேலேயே போட்டுவிட்டு நகர்ந்தது.

"ஐயோ, சுடுதே!" என்று அலறியது அட்டை. "பேனா, ஓடி வா! திருத்தி எழுது!"

தெர்மாமீட்டர் எட்டிப் பார்த்தது. பாராட்டு வாங்கிய உற்சாகத்தில் பேனா, எட்டாம் கட்டில் அட்டையில் நாளைக்கும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தது.